பதினோரு மணிக்கு யார் ஃப்ரீ?

2008 நவம்பர்ல எனக்கு வேலை போச்சு. சிறுசேரியில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டெஸ்டிங் பண்ணிக்கிட்டு இருந்தேன். அமெரிக்காவுல ஏதோ பேங்க் கவுந்துடுச்சுன்னு பேப்பர்ல போட்டப்போ, அதுக்கும் அஸ்தினாபுரத்துல வாடகை வீட்ல இருக்கிற இந்த ஸ்டீபனுக்கும் என்ன சம்பந்தம்னு நினைச்சேன். ரெண்டே மாசத்துல சம்பந்தம் புரிஞ்சுது. ஒரு கண்ணாடி ரூமுக்குக் கூப்பிட்டாங்க. "நீங்களே ரிசைன் பண்ணிட்டா உங்களுக்குத்தான் நல்லது"ன்னு ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. டேபிள் மேல டிஷ்யூ பேப்பர் டப்பா ஒண்ணு ரெடியா இருந்துச்சு. நான் அழல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. கையெழுத்துப் போட்டுட்டு ஐடி கார்டைக் கழட்டிக் குடுத்துட்டு வெளியே வந்துட்டேன்.

சபையார் முன்னாடி இதையெல்லாம் சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா பாதி சாட்சி சொல்றதுக்குப் பேசாம இருந்துடலாம். அதனால ஆண்டவர் செஞ்சதோட நான் செஞ்ச அசிங்கத்தையும் சேர்த்தே சொல்றேன்.

வேலை போனதை என் மனைவி ஷீலாகிட்ட நான் சொல்லல. ஷீலா தாம்பரத்துல ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர். காலையில எனக்கு டிபன் பாக்ஸ் கட்டிக் குடுத்துட்டு அவ கிளம்புவா. நானும் சட்டையை இன் பண்ணிக்கிட்டு, பையை மாட்டிக்கிட்டு, ஆபீஸ் போற மாதிரியே கிளம்புவேன். நேரா மேற்குத் தாம்பரத்துல ஒரு பிரவுசிங் சென்டர். சாயங்காலம் வரைக்கும் அங்கதான்.

அங்க என்ன பண்ணுவேன்னு கேட்டீங்கன்னா, பைக் ரிவ்யூ எழுதுவேன். இது உங்கள்ல பாதிப்பேருக்குத் தெரியும். தமிழ்ல ஒரு பிளாக் வச்சிருந்தேன். புது பைக் எது வந்தாலும் அது எப்படி ஓடுது, மைலேஜ் எவ்வளவு, பின்னாடி உக்கார்றவங்களுக்கு முதுகு வலிக்குமான்னு எல்லாம் எழுதுவேன். மதுரையிலேருந்து, துபாய்லேருந்தெல்லாம் படிச்சுட்டு கமென்ட் போடுவாங்க. "ஸ்டீபன் அண்ணா சொன்னா சரியா இருக்கும்"னு ஒருத்தன் எழுதினதை நான் பத்து தடவை படிச்சிருக்கேன். சாஃப்ட்வேர் வேலையில என்னை ஒரு ஆள்கூட அப்படிச் சொன்னதில்ல.

ஆனா எனக்கு ஓட்டிப் பாக்க பைக் யார் குடுப்பாங்க? கம்பெனிக்காரங்க பெரிய பத்திரிகைக்குத்தான் குடுப்பாங்க. எனக்கு பைக் குடுத்தது நம்ம சபைதான். மத்தவங்க புது வண்டி வாங்கினா எலுமிச்சம்பழம் வைப்பாங்க. நாம ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல நிறுத்துவோம். பாஸ்டர் ஐயா ஹேண்டில் பார்ல கை வச்சு ஜெபிப்பாரு. அவர் ஆமென் சொல்லி வாய் மூடுறதுக்குள்ள நான் சாவிக்குக் கை நீட்டிடுவேன். "அண்ணே, ஒரு ரவுண்டு." பாஸ்டர் பக்கத்துல நிக்கும்போது எவன் மாட்டேன்னு சொல்லுவான்? பல்லைக் கடிச்சுக்கிட்டு குடுப்பாங்க. அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் ஏரி, சானடோரியம், திரும்ப சபை. மொத்தம் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை வச்சு நான் எழுதுறதைப் படிச்சா, ஊட்டிக்குப் போய் வந்தவன் எழுதின மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு மே மாசத்துல ஒரு பைக் ஓட்டினேன். முன் சக்கரத்துல டிஸ்க் பிரேக் வச்ச பைக். நம்மாளுங்க பலபேர் அப்பதான் முதல் தடவையா டிஸ்க் பிரேக்கைப் பாக்குறாங்க. தார் உருகுற வெயில். ஆனா ரிவ்யூவுல நான் எழுதினது என்ன தெரியுமா? "கொட்டுற மழையிலயும் ஓட்டிப் பாத்தாச்சு. முன் பிரேக்கை தைரியமா நம்பிப் பிடிக்கலாம்." மழையில எப்படின்னு யாராவது கேப்பாங்க, எதுக்கு வம்புன்னு நானே சேர்த்துக்கிட்டேன். ஒரு வரிதானே, யார் என்ன பண்ணிடப் போறாங்கன்னு நினைச்சேன்.

அந்த ரிவ்யூதான் எல்லாத்துலயும் பேர் வாங்குச்சு. வேலை போன பத்தாவது நாள், பிரவுசிங் சென்டர்ல உக்காந்திருக்கேன், ஒரு மெயில் வருது. கிண்டியில ஆபீஸ் வச்சிருக்கிற ஒரு இணையதளம். வண்டிகளுக்குன்னு தமிழ்ப் பகுதி ஆரம்பிக்கிறாங்களாம். "உங்க மழை ரிவ்யூ படிச்சோம். முழு நேரமா எங்ககிட்ட வர்றீங்களா?"  ஆண்டவர் ஒரு கதவை மூடினா அடுத்த கதவை இவ்வளவு சீக்கிரம் திறக்கிறாரேன்னு அங்கேயே கண்ணை மூடி நன்றி சொன்னேன். வேலைக்கான ஆர்டர் கைக்கு வந்ததும், வேலை போன விஷயத்தையும் கிடைச்ச விஷயத்தையும் ஒண்ணா ஷீலாகிட்ட சொல்லிடலாம்னு திட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராஜன் அண்ணா விழுந்துட்டாரு.

ராஜன் அண்ணாவைத் தெரியாதவங்க இங்க இருக்க மாட்டீங்க. லேப்ல வேலை. நம்ம சபையில காணிக்கைப் பை எடுத்துட்டு வர்றவரு. பதினெட்டு வருஷம் ஒரே பழைய ஸ்கூட்டரை வச்சு ஓட்டினாரு. அக்டோபர்ல வண்டி மாத்தணும்னு என்கிட்டதான் கேட்டாரு. நான் அந்த டிஸ்க் பிரேக் பைக்கைச் சொன்னேன். "என் ரிவ்யூவைப் படிங்கண்ணா, கண்ணை மூடிட்டு வாங்குங்க"ன்னேன். அவர் வீட்ல கம்ப்யூட்டர் கிடையாது. லேப்ல யார்கிட்டயோ சொல்லி அதை பிரின்ட் எடுத்து, மடிச்சு சட்டைப் பையில வச்சிருந்தாரு. ஷோரூம்ல அதைக் காட்டித்தான் வண்டி எடுத்திருக்காரு.

அன்னைக்கு நல்ல மழை. குரோம்பேட்டை தாண்டி ஜிஎஸ்டி ரோட்ல அவருக்கு முன்னாடி ஒரு பஸ் சடன் பிரேக் போட்டிருக்கு. நான் தகவல் தெரிஞ்சு ஓடுறப்போ அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. தூக்கிவிட்ட ஆட்டோக்காரர் ஒருத்தர் மட்டும் அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தாரு. "என்ன ஆச்சுண்ணே?"ன்னு கேட்டேன். "முன்னாடி பிரேக்கை கெட்டியா புட்ச்சாரு சார். வீலு அப்டியே வழுக்கிகினு போச்சு. மழையில யாராவது முன் பிரேக்கை அப்டி புடிப்பாங்களா? யார் சார் சொல்லிக் குடுத்தது?"

அவர் சும்மா கேட்டாரு. நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

ஹெல்மெட் போட்டிருந்தும் அண்ணாவுக்குத் தலையில அடி. நினைவு இல்ல. ஐசியூ வாசல்ல அவரோட மனைவி செல்வி அக்கா, ஈரச் சேலையோட, அவரோட செருப்பைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. டாக்டர் எதையும் உறுதியாச் சொல்லல. நான் அக்கா பக்கத்துல போகல. தூரமா நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை சபையில பாஸ்டர் சங்கிலி ஜெபம் அறிவிச்சாரு. ராஜன் அண்ணாவுக்காக விடாம ஜெபிக்கணும், ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு மணி நேரம். பேப்பர்ல கட்டம் போட்டு எழுதிக்கிட்டே வந்தாரு. விடிகாலை நேரத்தை ரிட்டயர்டு ஆளுங்க எடுத்துக்கிட்டாங்க. மத்தியானம் பெண்கள். சாயங்காலம் வேலைக்குப் போய் வர்றவங்க. ஒரு கட்டம் மட்டும் காலியா நின்னுச்சு. "வார நாள்ல பதினொண்ணுலேருந்து பன்னெண்டு. பதினோரு மணிக்கு யார் ஃப்ரீ?"

பாஸ்டர் மறுபடி கேட்டாரு. "சங்கிலியில ஒரு கண்ணி விடுபடக்கூடாது. யாராவது ஒருத்தர்?"

சபையில எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி செல்வி அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஷீலா என் பக்கத்துல. என் கை தானா மேல போச்சு. நான் யோசிச்சுத் தூக்கினேன்னு பெருமையா சொல்ல மாட்டேன். தூக்கினப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது.

"ஸ்டீபன், உங்களுக்கு ஆபீஸ் இருக்குமே?"ன்னாரு பாஸ்டர்.

"இல்ல ஐயா. எனக்கு வேலை இல்ல."

ஷீலா திரும்பி என்னைப் பாத்தா. அந்தப் பார்வையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினப்புறம் கேட்டா.

"எத்தனை நாளா?"

"பதிமூணு நாளா."

"தினமும் சோறு கட்டிக் குடுத்தேனே. எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

"தாம்பரம் ஸ்டேஷன்ல. பிளாட்பாரத்துல."

வேலை போனதுக்கு அவ அழல. நான் பிளாட்பாரத்துல தனியா உக்காந்து சாப்பிட்டதுக்கு அழுதா. "ரசம் ஊத்திக் குடுத்தேனே, அதை எப்படி அங்க..."ன்னு சொல்லி சொல்லி அழுதா.

திங்கக்கிழமை பதினோரு மணி. முழங்கால் போட்டேன். வாயிலேருந்து ஒரு வார்த்தை வரல. "ஆண்டவரே, ராஜன் அண்ணாவை"ன்னு ஆரம்பிச்சா, அதுக்கு மேல "தைரியமா நம்பிப் பிடிக்கலாம்"னு என் சொந்த வரிதான் வந்து நிக்குது. தள்ளிட்டு மறுபடி ஆரம்பிச்சா மறுபடி அதே. மத்தவங்க எல்லாரும் விபத்துல அடிபட்டவருக்காக ஜெபிக்கிறாங்க. நான் யாருக்காக, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு ஜெபிக்கிறது? ஒரு மணி நேரமும் சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருந்தேன். செவ்வாய்க்கிழமையும் அதேதான்.

புதன்கிழமை பதினொண்ணேகாலுக்கு அந்தக் கிண்டி இணையதளத்தோட எடிட்டர்கிட்டேருந்து ஃபோன். எடுக்கல. பன்னெண்டுக்கு மேல நானே கூப்பிட்டேன். எல்லாம் முடிவாயிடுச்சாம். ஒண்ணாம் தேதி சேரலாமாம். "முதல் கட்டுரையா உங்க மழை ரிவ்யூவையே போடுறோம் சார். அந்த மழைப் பகுதிதான் ஹைலைட்"னாரு. ரெண்டு வாரமா நான் கேட்டுக் கேட்டு ஏங்கின செய்தி. ஆனா அதைக் கேட்டதும் "அப்புறம் பேசுறேன் சார்"னு ஃபோனை வச்சுட்டேன்.

ஷீலாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். மே மாசம், வெயில், அந்த வரி எல்லாத்தையும். அவ கணக்கு டீச்சர், சுத்தி வளைக்க மாட்டா. "அக்காகிட்ட சொன்னீங்களா?"ன்னு மட்டும் கேட்டா.

"சொன்னா என்ன ஆகும் ஷீலா? அவர் எழுந்திரிச்சுடுவாரா?"

"சொல்லாம நீங்க ஜெபம் பண்ண முடியுதா?"

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்வி அக்கா ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க. நின்ன வாக்குல சொன்னேன். "அக்கா, நான் அந்த பைக்கை மழையில ஓட்டவே இல்ல. பொய்யா எழுதினேன். அதை நம்பித்தான் அண்ணா அப்படி பிரேக் பிடிச்சாரு."

குழாயை மூடினாங்க. என்னை அடிச்சிருந்தாக்கூட நான் வாங்கியிருப்பேன். "அந்த பேப்பரை அவர் எனக்குப் படிச்சுக் காட்டினாரு தம்பி"ன்னாங்க. "நம்ம ஸ்டீபன் மழையிலயும் ஓட்டிப் பாத்திருக்கான் செல்வி, பயப்படாதேன்னாரு. நான்தான் புது மாதிரி வண்டி வேணாம்னு சொன்னேன்." அதுக்கப்புறம் குரல் ஏறிடுச்சு. "ஓட்டலைன்னா ஓட்டலைன்னு எழுத வேண்டியதுதானே? உனக்கு அதுல என்ன குறைஞ்சுடும்? சொல்லு, என்ன குறைஞ்சுடும்?" நர்ஸ் எட்டிப் பாத்தாங்க. நான் மன்னிச்சுடுங்கன்னுகூட கேக்கல. கேக்குற தகுதி இல்ல.

அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு சுவத்துல இருந்த கடிகாரத்தைப் பாத்தாங்க. பத்தரை. "பதினோரு மணி உன்னுது இல்ல? இங்க ஏன் நிக்கிற? போ. போய் முழங்கால் போடு. அதையாவது உண்மையா பண்ணு."

அஸ்தினாபுரம் வரைக்கும் எப்படி வண்டி ஓட்டினேன்னு ஞாபகம் இல்ல. அன்னைக்குத்தான் எனக்கு ஜெபம் வந்துச்சு. அழகான ஜெபம் இல்ல. "ஆண்டவரே, இதுல என்னால ஒண்ணுமே பண்ண முடியாது. எழுதினதை அழிச்சாலும் விழுந்தவர் விழுந்தவர்தான். நீர்தான் பாக்கணும். எனக்கு ஒண்ணும் வேணாம். அவரை மட்டும் குடுத்துடும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். வேற எதுவும் தெரியல. வேலைக்காக ஜெபிக்கணும்னு ஞாபகமே வரல.

பன்னெண்டு மணிக்கு எழுந்து கிண்டிக்கு ஃபோன் பண்ணினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிச்சாரு. "சார், இது எல்லாரும் பண்றதுதான். அந்த வரியை எடுத்துடுங்க, முடிஞ்சுது." நான் சொன்னேன், எடுத்தா மட்டும் போதாது, பொய்னு எழுதணும், மழையில முன் டிஸ்க்கைச் சட்டுன்னு பிடிச்சா சக்கரம் வழுக்கும்னு எழுதணும். அவர் சிரிப்பு நின்னுச்சு. "முதல் கட்டுரையே மன்னிப்பா? அப்படின்னா நாங்க யோசிக்கணும்"னாரு. யோசிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் ஃபோன் வரல. நான் என் பிளாக்லயே எல்லாத்தையும் எழுதினேன். கமென்ட்ல கிழி கிழின்னு கிழிச்சாங்க. ஸ்டீபன் அண்ணா சொன்னா சரியா இருக்கும்னவனே கெட்ட வார்த்தையில திட்டினான். ரெண்டு வேலையும் போய், பேரும் போய், வீட்ல உக்காந்திருந்தேன். மிச்சம் இருந்தது அந்தப் பதினோரு மணி மட்டும்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராஜன் அண்ணா கண்ணைத் திறந்தாரு.

என் மணி நேரத்துல இல்ல. சாயங்காலம் அஞ்சு மணி, மளிகைக் கடை எஸ்தர் அக்காவோட நேரம். உண்மையைச் சொல்லணும்னா, கேட்டதும் எனக்கு ஒரு நிமிஷம் பொறாமையா இருந்துச்சு. அவ்வளவு அடிபட்டும் என் புத்தி அப்படித்தான் போச்சு. அப்புறம் ஷீலாவைக் கட்டிப்பிடிச்சு ரெண்டு பேரும் அழுதோம். யார் நேரமா இருந்தா என்ன, ஆண்டவர் கேட்டாரு. நான் ஒண்ணுமே பண்ண முடியாம உக்காந்திருந்த இடத்துல அவர் செஞ்சு முடிச்சாரு.

வேலையும் அப்புறம் கிடைச்சுது. அஞ்சு மாசம் ஷீலா சம்பளத்துல ஓட்டினப்புறம், பெருங்குடியில ஒரு சின்ன கம்பெனி. பழைய வேலை மாதிரி இல்ல, ஆனா போதும். பிளாக்கை மூடல. வருஷத்துக்கு ரெண்டு ரிவ்யூதான் இப்போ. எத்தனை நாள் ஓட்டினேன், எதையெல்லாம் ஓட்டிப் பாக்கலைன்னு மேலேயே போட்டுடுவேன். படிக்கிறவங்க கம்மிதான்.

உங்கள்ல யாராவது இன்னைக்கு என்னை மாதிரி ஒரு பொய்யை உள்ள வச்சுக்கிட்டு, ஜெபம் வரமாட்டேங்குதேன்னு உக்காந்திருந்தீங்கன்னா, எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். நல்ல வார்த்தை தேடாதீங்க. என்னால முடியலைன்னு சொல்லிப் பாருங்க. அவர் அதைக் கேக்குறாரு. கேட்டதுக்கு நானே சாட்சி.

இன்னும் ஒரு விஷயம் இருக்கு. ராஜன் அண்ணா என்கிட்ட முதல்லேருந்தே நல்லாத்தான் பேசினாரு. ஆனா செல்வி அக்கா பேசல. ஏழெட்டு மாசம் சபையில என்னைப் பாத்தா முகத்தைத் திருப்பிட்டுப் போயிடுவாங்க. நியாயம்தான்னு நானும் ஒதுங்கியே இருந்தேன். போன வருஷம், ஜூலை மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை, சபை கேட் பக்கத்துல என்கிட்ட வந்து நின்னாங்க. அண்ணாவுக்கு வலது கை இன்னும் சரியா வரல, இனிமே வண்டி ஓட்ட முடியாது. பிசியோதெரபிக்கு அக்காதான் கூட்டிட்டுப் போகணும்.

"ஒரு ஸ்கூட்டர் வாங்கணும் தம்பி"ன்னாங்க. "பின்னாடி அவரை வச்சு ஓட்டணும். எதை வாங்கலாம், நீ சொல்லு."

வாய் வரைக்கும் ரெண்டு மூணு வண்டிப் பேர் வந்துச்சு. "தெரியலக்கா. ஓட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லணும்"னேன்.

"எத்தனை நாள் ஆகும்?"

"மழை வரணும்க்கா."

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கிட்டு, "சரி, வரட்டும். நான் வெயிட் பண்றேன்"னாங்க.